சிகரெட் வரிக்கு எதிராக நான் வாங்கிய கையெழுத்துகள்

சிகரெட் விநியோக வேலையில் ஒரு வசதி உண்டு: எந்தக் கடையிலும் உங்களைக் காக்க வைக்க மாட்டார்கள், ஒரு குறையும் உண்டு: எந்தக் கடையிலும் கடைக்காரரின் மனைவி உங்களைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு இருபத்தாறு வருடமாக நான் ‘வான்’ வண்டியில் சிகரெட் கொண்டுபோகிறேன். உட்துறைமுக வீதியில் தொடங்கி, சீனன்குடா, தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் என்று சுற்றி, கிழமைக்கு ஒரு தடவை இலங்கைத்துறை வரைக்கும் போவோம். பிஸ்கட்டோ, சவர்க்காரமோ, பால்மாவோ, எதையாவது ஏற்றிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கியவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. சரக்கோடு சேர்த்து வேறு எதையோ தள்ளிவிடச் சொல்லி மேலிடம் அனுப்புகிற நாள் ஒன்று நம் எல்லாருக்கும் வரும். எனக்கு அது வரவுசெலவுத் திட்டத்துக்குச் சில கிழமைகளுக்கு முன் வந்தது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் புகைப்பதில்லை. நாற்பது வயதில் ஓர் இருமல் பிடித்தபோது விட்டேன். பற்றுவதை விட்டேனே தவிர விற்பதை விடவில்லை. இது சரியா என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. நானே கேட்டுக்கொள்வேன், பதில் வருவதற்குள் அடுத்த கடை வந்துவிடும்.

இல்லாத ஒன்றியத்தின் இணைப்பாளர்

எங்கள் விநியோக நிலையத்தின் மனேஜர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். கெட்ட மனிதர் அல்ல. அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார், அவ்வளவுதான். அன்று காலை அவருடைய மேசையில் ஒரு கட்டுக் கடிதங்கள் இருந்தன. தலைப்பில் ‘சிறுகடை உரிமையாளர் ஒன்றியம்’ என்று அச்சிட்டிருந்தது. அப்படி ஓர் ஒன்றியம் எங்கள் பக்கத்தில் இல்லை என்பது எனக்குத் தெரியும். அடியில் இணைப்பாளர் என்று என் பெயர் இருந்தது. அது எனக்கு அப்போதுதான் தெரியும்.

சிகரெட்டுக்கு வரி கூட்ட வேண்டாம் என்று அரசாங்கத்தைக் கேட்கும் கடிதம் அது. மூன்று காரணம் சொல்லியிருந்தார்கள். விலை கூடினால் வியாபாரம் விழுந்து சிறிய கடைகள் மூடப்படும், எங்கள் பிள்ளைகளின் படிப்புக் கெடும். கடல் வழியாகக் கள்ளச் சிகரெட் வரும். கடைசியில் ஏழைத் தொழிலாளிதான் அடிபடுவான். ஒவ்வொரு கடைக்காரரும் ஒரு பிரதியில் கையெழுத்து வைத்துச் சீல் குத்தித் தரவேண்டும். மாத முடிவில் கொழும்பிலிருந்து அதிகாரிகள் ஊருக்கு வந்து கருத்துக் கேட்பார்கள். அங்கே கட்டாகக் கொடுக்க வேண்டும்.

“இதை வடிவாச் செய்து தாங்க, சிவநாதன். சுப்பர்வைசர் இடம் காலியாகுது. பிறகு நீங்க வானில ஏறத் தேவையில்லை” என்றார் மனேஜர். என் வலது முழங்கால் அந்த இடத்திலேயே சம்மதித்துவிட்டது. ஏறி இறங்குவதைக் குறைக்கச் சொல்லி டொக்டர் சொல்லி ஒரு வருடமாகிறது. நாளுக்கு முப்பது கடை என்றால் முப்பது தடவை ஏறி இறங்குவதை எப்படிக் குறைப்பது? ஒரு மேசை, ஒரு கதிரை, தலைக்கு மேல் ஒரு ஃபான். ஐம்பத்து நாலு வயதில் மனிதன் வேறு எதற்கும் இவ்வளவு ஆசைப்படுவதில்லை.

கட்டைத் தூக்கிக்கொண்டு வானுக்கு வந்தேன். எங்கள் டிரைவர் மன்சூர் கிண்ணியாக்காரர், பதினொரு வருடமாக என்னோடு ஓடுகிறவர். ஒரு கடிதத்தை உருவி, ஸ்டியரிங்கில் விரித்து, கடைசி வரி வரைக்கும் வாசித்தார். மடித்துத் திருப்பித் தந்துவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்துகொண்டே கேட்டார்: “அப்ப, கடக்காரங்க எழுதின கடுதாசிய கடக்காரங்களுக்கே நாம கொண்டு போய்க் காட்டப் போறம், என்ன அண்ணன்?”

நாலாவது தாள்

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சரக்கு இறக்கியதும் கடைக்காரர் மூன்று தாளில் கையெழுத்து வைப்பார்: ஒன்று கடைக்கு, ஒன்று ஒபிசுக்கு, ஒன்று எனக்கு. நான் அட்டையை நீட்டி, மேல் தாளை மடித்துப் பெருவிரலால் அழுத்திப் பிடிப்பேன். அவர் வைப்பார். அடுத்த தாளைப் புரட்டுவேன். இன்னொருவருக்குச் சீனி நிறுத்துக்கொண்டே வைப்பவர்கள் உண்டு. போனில் கதைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே வைப்பவர்களும் உண்டு.

அன்று கடிதத்தை நாலாவது தாளாக வைத்தேன். கை ஓடுகிற வேகத்தில் மூன்றா நாலா என்று யார் எண்ணப்போகிறார்கள்? என் பெருவிரல் கடிதத்தின் தலைப்புக்கு மேல் இருந்தது. நான் மறைக்கவில்லை, பெருவிரல் எப்போதும் இருக்கிற இடம் அதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டால் சொல்லியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை. முதல் நாளே முப்பத்தொரு கையெழுத்து. மன்சூர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு கியரை மாற்றினார்.

பின்னேரம் அடுக்கும்போது சீனன்குடா ராசையா அண்ணையின் கடிதம் கையில் வந்தது. சீல் குத்தி, கையெழுத்துக்கு மேலே தன் வழக்கப்படி ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்: ‘சரக்குச் சரி. ஒரு பக்கெற் நசுங்கல். மாற்றித் தரவும்.’ அரசாங்கத்துக்குப் போகிற கடிதத்தில் இது. மறுநாள் புதுப் பிரதியோடு அவரிடம் போனேன். “அண்ணை, இது பில் இல்லை, வரியைப் பற்றின ஒரு கடிதம். ஒருக்கா வாசிச்சிட்டு வையுங்கோ” என்றேன். அவர் கண்ணாடியைத் தேடவும் இல்லை. நான் நீட்டியதில் வைத்தார், சீலைக் குத்தினார், நசுங்கிய பக்கெற்றை மறக்காமல் என் கையில் தந்தார். என் முகத்தில் என்னத்தைக் கண்டாரோ, ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னார்: “இருபது வருசமா நீங்கள் நீட்டினதில நான் வைக்கிறன். இண்டைக்கு மட்டும் வாசிச்சுப் பாத்தால், நான் உங்களைச் சந்தேகப்படுறன் எண்டெல்லோ ஆகும்?”

கடல் வழியாக வரும் சிகரெட்

இலங்கைத்துறைக்குப் போனபோது கடல் நல்ல கொந்தளிப்பு. ஒருவரும் கடல் தொழிலுக்குப் போகவில்லை. மீன்பிடி போட்டுகளெல்லாம் கரையில் ஏற்றிக் கிடக்க, ஆட்களெல்லாம் யோகனின் கடையில் இருந்தார்கள். யோகனுக்கு ஒரு கடை, ஒரு போட். கடலுக்குப் போகாத நாளில் கடையை அவர் பார்ப்பார். மற்ற நாளில் மனைவி. வேலையில்லாத மனிதனிடம் கையெழுத்து வாங்கப் போனது என் பிழை. அவருக்கு வாசிக்க நேரம் இருந்தது. தனக்கு மட்டும் வாசிக்காமல் கடையிலிருந்த எல்லாருக்கும் கேட்க வாசித்தார்.

பிள்ளைகளின் படிப்பு என்ற இடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ‘கடல் வழியாகக் கள்ளச் சிகரெட் வந்து குவியும்’ என்ற வரி வந்ததும் கடை முழுவதும் நிமிர்ந்தது. “எந்தப் பக்கத்தால வருமாம்?” என்றார் வாங்கில் பலகையில் படுத்திருந்த ஒருவர். “சொன்னால் நானும் போய் நிப்பன்.” யோகன் சிரிக்கவில்லை. பேனையை மூடி என்னிடம் தந்தார். “சேர், குறை நினைக்காதேங்கோ. நான் கரையில இருக்கிறவன். கடலால சிகரெட் வரும் எண்டு நானே எழுதி, பேரும் போட்டு, சீலும் குத்தினால், நேவிக்காரன் முதல் பிரட்டிப் பாக்கிறது என்ர போட்டைத்தானே?”

நான் அந்தக் கடிதத்தைக் குறைந்தது நூறு தடவை கையில் எடுத்திருப்பேன். அந்த வரிக்குக் கீழே பெயர் போடுகிறவனுக்குக் கடலில் என்ன நடக்கும் என்று ஒரு தடவையும் யோசித்ததில்லை. கொழும்பில் இருந்து எழுதியவரும் யோசித்திருக்க மாட்டார். யோகனுக்கு அதற்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. நான் வானில் ஏறும்போது வாங்கிலில் படுத்திருந்தவர் எழும்பி வந்து, கண்ணாடியில் தட்டிச் சொன்னார்: “இந்தக் கடலில மீன் வந்தே ரெண்டு கிழமை. சிகரெட் வாறதெண்டால், கொஞ்சம் கெதியா வரச் சொல்லுங்கோ சேர்.”

ஹாஜியாரின் நிபந்தனை

மூதூர் இறங்குதுறைக்குப் பக்கத்தில் ஒரு ஹாஜியாரின் கடை. சிகரெட்டைக் கண்ணாடி அலுமாரியின் அடித்தட்டில்தான் வைப்பார். கேட்டால் குனிந்து எடுத்துத் தருவார், எடுத்துக்காட்டி விற்க மாட்டார். நோன்பு மாதத்தில் அந்தத் தட்டுக்கு ஒரு துணி போட்டுவிடுவார். நாங்களும் அந்த மாதம் அவருக்குச் சரக்கு இறக்குவதில்லை.

அவர்தான் முதன்முதலாக எண்ணினார். “ஒண்டு, ரெண்டு, மூணு. இது என்ன நாலாவது?” பெருவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. இஞ்சி போட்ட பிளேன்டீ ஒன்றை எனக்கு ஊற்றித் தந்துவிட்டு, இரண்டு தடவை வாசித்தார். “போன முறை விலை கூடினப்ப நான் கடைய மூடினனா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அதுக்கு முந்தின முறை?” இல்லை. “அப்ப இந்த முறை மட்டும் எப்பிடி மூடுவன்?” நான் பிளேன்டீயைக் குடித்தேன். நல்ல சூடு, ஊதி ஊதிக் கொஞ்ச நேரம் தப்ப முடிந்தது.

“வெக்காட்டி உங்கட வேலைக்கு ஏதும் வருமா?” என்றார். “வரலாம் ஹாஜியார்.” அவர் யோசித்தார். மூன்று வருடங்களுக்கு முன் ரோட்டில் எங்கள் வான் பழுதானபோது, எங்கள் சரக்கை இறக்கித் தன் வீட்டு முன்னறையில் வைத்துக் காத்தவர் அவர். தான் துணி போட்டு மறைக்கிற அதே சரக்கை. பேனையை எடுத்தார், ஆனால் எழுதவில்லை. என் பக்கம் நீட்டிச் சொன்னார்: “உங்கட வேலைக்கு எண்டா வெக்கிறன், சிகரட்டுக்கு எண்டா வெக்க மாட்டன். எதுக்கு வெக்கிறன் எண்டு மேல உங்கட கையால எழுதுங்க தம்பி, நான் கீழ வெக்கிறன்.”

புஷ்பம் அக்காவின் கேள்வி

நான் எழுதவில்லை. ஹாஜியாரின் பிரதி வெறுமையாகவே கட்டுக்குத் திரும்பியது. என்றாலும் மற்றக் கடைகளில் நாலாவது தாள் வேலை செய்துகொண்டிருந்தது. எண்பத்தாறு கையெழுத்துச் சேர்ந்துவிட்டது. மனேஜருக்குப் பெரிய சந்தோசம். கூட்டத்தில் கதைக்க ஒரு கடைக்காரர் வேண்டும் என்றார். அவரே ஆளையும் தெரிவுசெய்துவிட்டார்: துறைமுக வாசலுக்கு எதிரே தனியாகக் கடை நடத்துகிற புஷ்பம் அக்கா. அறுபது தாண்டியவர், கதைத்தால் நாலு கடை தாண்டிக் கேட்கும். கேட்கிறவர்களுக்கு மனம் இளகும் என்று மனேஜர் நினைத்தார். கதைக்க வேண்டியதை ஒரு பக்கத்தில் டைப் செய்தும் தந்தார்.

நான் போனபோது அக்கா வடை சுட்டுக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி, சத்தமாக வாசித்தார். “‘இந்த வரி வந்தால் என் அடுப்பு அணைந்துவிடும்.’” நிறுத்தி, எண்ணெய் கொதிக்கிற அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். மேலே வாசித்தார். “‘நான் ஏற்கெனவே கையெழுத்திட்ட கடிதத்தில் கூறியதுபோல.’ எந்தக் கடிதம் தம்பி?” போன செவ்வாய்க்கிழமை பில்லோடு சேர்த்து வைத்தீர்கள் என்றேன். பார்க்க வேண்டும் என்றார். வானிலிருந்து எடுத்துவந்து கொடுத்தேன். அதையும் முழுக்க வாசித்தார். அடுப்பில் ஒரு வடை கருகியது. அவர் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன்.

“உமக்கு இதால என்ன வருது?” என்று கேட்டார். ஒளிக்க முடியவில்லை. முழங்காலைச் சொன்னேன், சுப்பர்வைசர் வேலையைச் சொன்னேன், கதிரையைச் சொன்னேன். ஏசினால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் ஏசவில்லை. “கூட்டத்துக்கு வருவீங்களோ அக்கா?” என்று கேட்டேன். “கூப்பிட்டால் வராமல் விடுறதோ?” என்றார். கடிதத்தைத் திருப்பித் தா என்றும் கேட்கவில்லை, கிழிக்கவும் இல்லை. நான்காக மடித்து என் கையில் வைத்து, கருகாத இரண்டு வடையைப் பேப்பரில் சுற்றி அதற்கு மேல் வைத்துவிட்டுச் சொன்னார்: “கையெழுத்து என்ரதான் தம்பி. கதைதான் என்ரையில்லை.”

வாசித்துக் காட்டினேன்

இரண்டு நாள் அந்தச் சொல்லோடு திரிந்தேன். நம்மைப்போல் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு தந்திரம் தெரியும்: பிழையை மேலிடத்தின் கணக்கில் போட்டுவிடுவது. கடிதத்தை எழுதியது அவர்கள்தான். ஆனால் அந்தப் பெருவிரல் யாருடையது? வெள்ளிக்கிழமை மன்சூரிடம், ஞாயிறு கொஞ்சம் ஓட முடியுமா, ஒபிஸ் வேலை இல்லை, வானும் கேட்க ஏலாது என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. ஞாயிறு விடிய மச்சானின் ஓட்டோவோடு வந்து நின்றார். எனக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்திருந்தார். அடுத்த ஞாயிறும் வந்தார். நடுவில் வேலை நாட்களிலும், சரக்கு இறக்கியபின் ஐந்து நிமிடம் கூட நின்றோம்.

ஒவ்வொரு கடையிலும் அவரவர் கடிதத்தை அவரவருக்கே வாசித்துக் காட்டினேன். இது பில் இல்லை, நான் சொல்லாமல் வாங்கினேன், விருப்பமில்லை என்றால் திரும்ப எடுங்கள் என்றேன். முதல் கடையிலேயே, “எங்கள் பிள்ளைகளின் படிப்பு எண்டு கிடக்கே, ஆற்ற பிள்ளை? உங்கட பிள்ளையோ என்ர பிள்ளையோ?” என்று ஒரு பெண் கேட்டார். ராசையா அண்ணை கேட்டு முடித்துவிட்டு, தன் கடிதத்தை வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டு, எனக்கு ஒரு சோடா உடைத்தார். கோபப்பட்டவர்கள் இரண்டு பேர்தான். மற்றவர்கள் கோபப்படாததுதான் தாங்க முடியவில்லை.

எல்லாரும் திரும்ப எடுத்தார்கள் என்று நினைக்க வேண்டாம். இருபத்து மூன்று பேர் கேட்டுவிட்டு, இருக்கட்டும் என்றார்கள். தம்பலகாமத்தில் வயல்கரையோரம் கடை வைத்திருக்கும் குணம் அவர்களில் ஒருவர். அவர் கடையில் உழவு மெஷின்காரர்களுக்கும் இரவுக் காவலுக்குப் போகிறவர்களுக்கும் விற்கிற சிகரெட்தான் வியாபாரம், மற்றதெல்லாம் அலங்காரம். “எனக்கு உண்மையிலேயே நட்டம்தான்” என்று நேராகச் சொன்னார். அதுவும் எனக்குப் பிடித்திருந்தது. கேட்டு, யோசித்து, தன் பெயரைத் தானே முழுசாக, முகவரியோடு இன்னொரு தடவை எழுதிவிட்டுச் சொன்னார்: “யானை வந்து கடைச் சுவரை இடிச்சதுக்கு ஒரு கடிதம் எழுதினனான், பதில் வரேல்ல. வரிக்கு எழுதினாலாவது வருதோ பாப்பம்.”

கூட்டம்

இருபத்து மூன்று கடிதங்களை மேசையில் வைத்தபோது மனேஜர் கட்டின் தடிப்பைப் பார்த்தார். “எண்பத்தாறு எண்டு கொழும்புக்குச் சொல்லிட்டன். மிச்சம் எங்க?” “கடைக்காரரிட்ட இருக்கு சேர்.” அவர் கத்தவில்லை. கண்ணை மூடித் திறந்தார். “அந்த அம்மாவாவது கதைப்பாவா?” என்று கேட்டார். “கதைப்பா சேர்” என்றேன். அது முழு உண்மை.

கடற்கரையோர ஹோட்டல் ஒன்றின் மண்டபம். முன்னால் கொழும்பு அதிகாரிகள், நடுவில் கோட் போட்ட கம்பெனிக்காரர் நாலைந்து பேர், ஓரத்தில் சில கடைக்காரர்கள். நான் பின்சுவரோடு நின்றேன். தமிழில் சொல்வதை ஒருவர் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். புஷ்பம் அக்கா நல்ல சேலை கட்டி வந்திருந்தார். மைக்குக்கு முன் போய் மனேஜர் தந்த தாளை எடுத்து விரித்தார். மனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அக்கா தாளைப் பார்த்தார், மடித்தார், கைப்பைக்குள் வைத்து மூடினார்.

“விலை கூடின முதல் கிழமை சண்டை” என்று தொடங்கினார். “என்னோடதான் சண்டை, நான்தான் வரி போட்டமாதிரி. ரெண்டாம் கிழமை துறைமுகத்துப் பொடியள் ஒண்டை வாங்கி ரெண்டு பேர் பத்துவினம். மூண்டாம் கிழமை சிலபேர், அக்கா சிகரெட் வேண்டாம், வடையும் பிளேன்டீயும் தாங்கோ எண்டுவினம். சிகரெட் வானில வாறது. வடை நான் சுடுறது. எதில எனக்குக் கூட மிஞ்சும் எண்டு, நீங்கள் படிச்ச ஆக்கள், யோசியுங்கோ.” கடைக்காரர்கள் சிரித்தார்கள். மொழிபெயர்ப்பு முடிந்ததும் முன்வரிசையும் சிரித்தது. எல்லாச் சிரிப்பும் இரண்டு தடவை வந்தது.

அதிகாரிகளில் ஒரு பெண் குனிந்து, அப்படியென்றால் வரி கூடுவதால் உங்களுக்கு நட்டம் இல்லையா என்று கேட்டார். அக்கா திரும்பி, மண்டபத்தின் கடைசி வரைக்கும் தேடி, என்னைக் கண்டுபிடித்தார். நாலு கடை தாண்டிக் கேட்கிற அந்தக் குரலுக்கு மைக்கும் இருந்தது. “எனக்கில்லை அம்மா. நட்டம் அந்தா பின்னுக்கு நிக்கிற தம்பிக்குத்தான். பிழையா வாங்கின கையெழுத்தைக் கடை கடையாக் கொண்டு போய்த் திருப்பிக் குடுத்த மனிசன். முழங்கால் ஏலாது, ஒரு கதிரைக்காகத்தான் இவ்வளவு ஓட்டமும். அவருக்கு ஒரு கதிரையைக் குடுத்திட்டு, நீங்கள் வரியைப் போடுங்கோ.”

மொழிபெயர்த்தவர் நல்லவர், ஒரு சொல்லையும் விடவில்லை. சிரிப்பு அடங்குவதற்குள் ஹோட்டல்காரர் ஒருவர் உண்மையாகவே ஒரு கதிரையைத் தூக்கிவந்து எனக்குப் பக்கத்தில் வைத்தார். உட்காருவதா விடுவதா என்று யோசித்தேன். முழங்கால் யோசிக்கவில்லை. மனேஜர் திரும்பிப் பார்த்தபோது நான் உட்கார்ந்திருந்தேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு முன்பக்கம் திரும்பிவிட்டார். தோள் குலுங்கியது கோபத்திலா சிரிப்பிலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சுப்பர்வைசர் வேலை வேறு ஒருவருக்குப் போனது. என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அதற்கு மனேஜர்தான் மேலிடத்தில் கதைத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். வரி கூடியது. முதல் கிழமை சண்டையும் வந்தது.

வரியை எதிர்க்கச் சொல்லி எண்பத்தாறு கடைக்காரருக்கு வழிகாட்டப் போன எனக்குக் கடைசியில் தெரியவந்தது, அந்த வரியைப் பற்றி ஒழுங்காக யோசிக்காமல் இருந்த ஒரே ஆள் அந்த வானுக்குள்தான் இருந்தான், அவன் டிரைவர் அல்ல என்பதுதான்.